வாழ்க்கைத் தரம்: ஐந்துக்கு இரண்டு

அப்பா தினமும் ஒன்பது மணி நேரம் வேலை பார்த்தார். அவருக்கு வேலை போய்த் தொண்ணூற்றேழு நாட்கள் ஆகியிருந்தன.

வேலை போனதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும் என்பதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு அறைகளுக்குள் நான்கு பேர் இரவும் பகலும் ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசித்துக்கொண்டிருந்த காலத்தில் இது சாதாரணக் காரியமல்ல.

அவர் ஒரு நான்கு நட்சத்திர ஹோட்டலில் வரவேற்புப் பிரிவு மேலாளர். தொற்று வந்ததும் விருந்தினர் வரத்து நின்றது. ஒரு சனிக்கிழமை காலை, இனிமேல் தனக்கு வீட்டிலிருந்தே வேலை என்று அறிவித்தார். தீயணைப்புக்காரர் வீட்டிலிருந்தே தீயை அணைக்கப் போவதாகச் சொன்னது போல இருந்தது. ஹோட்டல் வரவேற்பு மேலாளர் எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாரை வரவேற்பார் என்று யாரும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாடும் இனி வீட்டில்தானா என்று மட்டும் அம்மா விசாரித்தாள். அம்மாவின் கவலைகள் எப்போதும் அளக்கக்கூடியவையாக இருக்கும்.

மூன்றாம் நாளே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதே ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருந்த ஒரு பெண் அவளுக்குத் தோழி. அப்பாவுக்கு வந்த வேலைநீக்கக் கடிதம் அதே தேதியில் அந்தத் தோழிக்கும் வந்திருந்தது. அண்ணனுக்குப் பத்தாம் நாள் தெரிந்தது. அவன் பொறியியல் படித்துவிட்டு, வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தான். உறவினர்கள் கேட்டால் லாஜிஸ்டிக்ஸ் என்று சொல்லும்படி அப்பாவின் உத்தரவு. ஹோட்டலின் கண்ணாடிக் கதவுக்குக் குறுக்கே பலகை அடித்திருந்ததை அவன் வண்டியில் போகும்போது பார்த்தான். வந்து என்னிடம் சொன்னான். அம்மாவிடம் மூச்சு விடாதே என்றான். மறுநாள் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, அண்ணனிடம் மூச்சு விடாதே என்றாள். நான் இயல்பிலேயே அதிகம் பேசாதவள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வரை, ஒரு மாதம் இருவருக்காகவும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எங்கள் வீட்டில் சோறும் குறைந்துவிட்டது. நாற்பதாம் நாள் வாக்கில் அப்பா, உலகம் முழுவதும் இப்போது இரண்டு வேளைதான் சாப்பிடுகிறார்கள், மூன்று வேளை என்பது ஈரலுக்குச் செய்யும் துரோகம் என்று கண்டுபிடித்தார். நான் விலங்கியல் பட்டதாரி. ஈரலைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். தலையை ஆட்டினேன். அம்மாவும் ஆட்டினாள். காலையில் வெறும் தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் ஆரோக்கியமாக இருந்தோம்.

ஹோட்டலிலிருந்து அப்பா பல வருடங்களாகக் கொண்டுவந்து சேர்த்திருந்த பொருட்கள் எங்களைத் தாங்கின. ஒரே ஒரு குளியலுக்கென்று செய்யப்பட்ட சின்னச் சோப்புகளை ஆளுக்கு ஐந்து நாள் ஓட்டினோம். கழித்துக் கட்டப்பட்ட தலையணை உறைகளை வெட்டி அம்மா முகக்கவசம் தைத்து, அக்கம்பக்கத்தில் விற்றாள். உறையின் மூலையில் ஹோட்டல் முத்திரை இருக்கும். அது வெளியே தெரிந்தால் கௌரவக் குறைவு என்று உள்பக்கமாக மடித்துத் தைத்தாள். வாங்கியவர்கள் நாள் முழுவதும் நான்கு நட்சத்திரங்களை முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அப்பாவின் அலுவலகம்தான்.

வீட்டில் இருந்தது ஒரு மேசை, முதுகு சாயக்கூடிய ஒரு நாற்காலி. இரண்டும் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை அவருக்கு. மேசைக்கு மேலே சட்டை, டை, பெயர் வில்லை. மேசைக்குக் கீழே பைஜாமா. பதினொரு மணிக்கு அவருக்குக் கூட்டம் உண்டு. கூட்டத்தின்போது அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வந்து சோபாவில் தூங்கும் அண்ணன் குறட்டை விடக் கூடாது. யாரும் இல்லாத கூட்டத்துக்காக மூன்று பேர் அமைதி காத்தோம்.

ஒருநாள் தேநீர் வைக்கப் போனபோது திரையைப் பார்த்துவிட்டேன். ஹோட்டலின் நூற்றிருபது அறைகளும் கட்டம் கட்டமாக இருந்தன. அப்பா கற்பனையாக விருந்தினர்களை அறைகளில் போட்டுக்கொண்டிருந்தார். குழந்தையோடு வந்தவர்களுக்கு மின்தூக்கிக்குப் பக்கத்து அறை. வயதானவர்களுக்குக் கீழ்த்தளம். 304 மட்டும் காலி. அந்த அறையின் குளிர்சாதனம் ஒழுகும் என்று முன்பு சொல்லியிருக்கிறார். இல்லாத விருந்தாளியைக்கூட அவர் அங்கே படுக்கவைக்கவில்லை.

கூடம் அப்படி அலுவலகமாகிவிட்டதால், என் அலுவலகம் குளியலறைக்குப் போனது. கவிழ்த்துப் போட்ட வாளிதான் நாற்காலி. எனக்கு வேலை ஓர் ஆய்வு நிறுவனத்தில். தொற்றுக் காலம் குடும்ப வருமானத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் எப்படிப் பாதித்திருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். முப்பத்தெட்டுக் கேள்விகள். முன்பின் தெரியாதவரிடம் மணி என்ன என்று கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் தினமும் எட்டுக் குடும்பங்களிடம், நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். எட்டுக்கு ஒன்று குறைந்தாலும் அன்றைய கூலி கிடையாது. என் கூலியும் அண்ணன் சம்பாத்தியமும் சேர்ந்துதான் வீட்டு வாடகை. அப்பா என் வேலைக்கு வைத்த பெயர் கைச்செலவு வேலை.

இருபத்திரண்டாம் கேள்விதான் எல்லோரையும் மடக்கும். உங்கள் வாழ்க்கைத் தரத்துக்கு ஒன்று முதல் ஐந்துக்குள் எத்தனை தருவீர்கள்? ஒருவர், ஒன்று சொன்னால் ஏதாவது தருவீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் நான்கு போட்டுக்கொள்ளுங்கள், மரியாதையாவது மிஞ்சட்டும் என்றார். ஒரு பெண்மணி நெடுநேரம் யோசித்தார்.

"மூணு போட்டுக்கோம்மா. ரெண்டு போட்டா அழுகை வருது. நாலு போட்டா பொய்யாயிடும்."

எங்கள் மேற்பார்வையாளரான பெண்மணிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் சராசரி. எதைச் சொன்னாலும் சராசரி கெட்டுவிடும் என்பார். அவர் வகுத்த விதிகளில் இரண்டு முக்கியம். பதில் சொல்பவர் குடும்பத் தலைவராகத்தான் இருக்க வேண்டும். படிவத்தை நாமே உட்கார்ந்து எழுதியதாகத் தெரிந்தால் பெயரை நீக்கிவிடுவார்கள். நிலுவையில் இருக்கும் கூலியும் வராது. எனக்கு இரண்டு மாதக் கூலி நிலுவை.

தொண்ணூற்றோராம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரைக்கு ஏழு படிவங்கள் முடிந்திருந்தன. எட்டாவதுக்கு முப்பது எண்களைச் சுழற்றினேன். எடுத்த ஒருவரும், வீட்டில் இழவு விழுந்திருக்கிறது, பிறகு பேசுங்கள் என்றார். ஆறு மணிக்குப் படிவம் தானாக மூடிக்கொள்ளும். வாளியில் உட்கார்ந்தபடி எங்கள் வீட்டைப் பேட்டி எடுத்தேன்.

நான் எடுத்ததிலேயே சிறந்த பேட்டி அது. கூச்சம் இல்லை, தயக்கம் இல்லை, பின்னணியில் குழந்தை அழவில்லை. பெயர் எழுத வேண்டியதில்லை; தொலைபேசி எண் மட்டும் வேண்டும். என் எண் அலுவலகத்துக்குத் தெரியும். அதனால் அப்பாவின் எண்ணைப் போட்டேன். குடும்பத் தலைவர், ஆண், வயது ஐம்பத்து நான்கு. தற்போதைய வேலை: இல்லை. சாப்பாடு: இரண்டு வேளை. வாழ்க்கைத் தரம்: இரண்டு. கடைசியில் 'கூடுதல் குறிப்புகள்' என்று ஒரு பெட்டி வரும். வழக்கமாக நான் அதில் ஒன்றும் எழுதுவதில்லை. அன்று நான்கு நிமிடங்கள் மிச்சம் இருந்தன. எழுதினேன்.

தொண்ணூற்றாறாம் நாள் மாலை சராசரியிடமிருந்து செய்தி வந்தது. சில படிவங்களை மறுசோதனை செய்யப் போகிறாராம். நாளைக் காலை பத்திலிருந்து ஒன்றுக்குள் அவரே குடும்பத் தலைவர்களை அழைத்துப் பேசுவாராம். கீழே நான்கு எண்கள். மூன்றாவது அப்பாவுடையது.

அண்ணன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மாடிப்படியில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு வாடகை நினைவுக்கு வந்திருக்க வேண்டும், சிரிப்பு நின்றது.

"ஏய் விஞ்ஞானி, ஊர்ல இத்தனை குடும்பம் இருக்கு. பொய் எழுதத்தானே உட்கார்ந்தே, ஒரு பொய்யான குடும்பத்தை எழுதக் கூடாதா?"

"தோணலண்ணா."

"போய் அப்பாகிட்ட சொல்லிடு."

"என்னன்னு சொல்றது? உங்களுக்கு வேலை இல்லன்னு எழுதிட்டேன், கேட்டா ஆமான்னு சொல்லுங்கன்னா?"

"அதான்."

"நீ சொல்லேன்."

அவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டான். அது மாட்டியிருந்தால் அவனுக்கு எதுவும் கேட்காது.

அம்மா எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. நான் செய்த மோசடியைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எத்தனை வேளைச் சாப்பாடு என்று எழுதினாய் என்று கேட்டாள். இரண்டு என்றேன். சாயங்காலம் பழைய ரொட்டி இருக்கிறதே, அதை ஏன் அரையாகவாவது சேர்க்கவில்லை என்றாள். பிறகு வாழ்க்கைத் தரத்துக்கு வந்தாள்.

"எவ்வளவு போட்டே?"

"ரெண்டு."

"ரெண்டா? காலையில எழுந்து ராத்திரி வரைக்கும் இந்த வீட்டை நான் இழுத்துப் பிடிச்சிட்டிருக்கேன். அதுக்கு ரெண்டு மார்க்கா?"

அது அவளுக்கான மதிப்பெண் இல்லை என்று விளக்கினேன். பள்ளியில் என் அறிவியல் ஆசிரியைகூட அம்மாவிடம் இவ்வளவு திட்டு வாங்கியதில்லை.

இரவு முழுவதும் நான் அப்பாவிடம் சொல்ல ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு வாக்கியமும் 'அப்பா' என்பதோடு முடிந்தது. காலையில் அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது போய் நின்றேன். என்ன என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். சோப்பு தீரப் போகிறது என்றேன்.

ஆகவே அண்ணன் ஒரு திட்டம் போட்டான். பத்து மணிக்கு அப்பாவின் கைபேசியை வாங்கிவிட வேண்டியது. அழைப்பு வந்ததும் இருபத்தேழு வயது அண்ணன் ஐம்பத்து நான்கு வயதுக் குடும்பத் தலைவராகப் பேசுவது. தொண்டையைக் கரகரப்பாக்கிப் பழகியும் பார்த்தான். சளி பிடித்த ஆடு போல இருந்தது. கைபேசியை வாங்குவதுதான் சிக்கல். அலுவலகத்திலிருந்து எந்த நேரமும் அழைப்பு வரலாம், தர முடியாது என்றார் அப்பா. இன்று தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள் என்று அம்மா இழுத்துப் பார்த்தாள். பதினொரு மணிக்குக் கூட்டம் இருக்கிறது என்றார். கூட்டத்தை ஒருநாள் தள்ளிப்போடக் கூடாதா என்றாள். அது தன் கையில் இல்லை, மேலிடத்து முடிவு என்றார்.

நடக்கிற கூட்டத்தை ரத்து செய்யலாம். நடக்காத கூட்டத்தை ரத்து செய்ய யாராலும் முடியாது. உங்களுக்குக் கூட்டம் எதுவும் இல்லை என்று சொல்ல மூன்று பேருக்கும் வாய் இருந்தது. மூன்று பேரும் அதை மூடிக்கொண்டிருந்தோம்.

பதினொன்று இருபதுக்குக் கைபேசி அடித்தது. கூட்டத்தின் நடுவே. அம்மா இயந்திரத்தின் சக்கரத்தில் கை வைத்தபடி இருந்தாள். அண்ணன் போர்வைக்குள் விழித்திருந்தான். நான் குளியலறை வாசலில், காதுக்கருவி கழுத்தில் தொங்க நின்றேன்.

பல வாரங்களாக அப்பாவுக்கு வந்த அழைப்புகள் எல்லாம் கடன் வேண்டுமா என்று கேட்டவைதான். ஆனாலும் அவர் ஒவ்வொரு முறையும் டையைச் சரிசெய்துகொண்டுதான் எடுப்பார். அந்தக் கைபேசியில் காதோடு வைத்துக் கேட்கும் பாகம் கெட்டுவிட்டது. ஒலிபெருக்கியில்தான் பேச முடியும். வீடு முழுவதும் கேட்டது.

"குட் மார்னிங். சொல்லுங்க, உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

சராசரி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். போன வெள்ளிக்கிழமை மாலை எங்கள் ஆள் உங்களிடம் முப்பத்தெட்டுக் கேள்விகள் கேட்டிருக்கிறார், நினைவிருக்கிறதா என்றார். தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றார் அப்பா. எண்ணைச் சரிபார்த்தார்கள். எண் சரியாகத்தான் இருந்தது. அப்பா மிகுந்த மரியாதையோடு, எங்கோ தவறு நடந்திருக்கிறது, சிரமத்துக்கு வருந்துகிறேன் என்று ஹோட்டல் பாணியில் மன்னிப்பும் கேட்டுவிட்டார்.

"பரவாயில்ல சார்," என்றார் சராசரி. "அப்போ எங்க பொண்ணு தானே உட்கார்ந்து எழுதிட்டான்னு அர்த்தம். அவளை நிறுத்திடுறோம். தொந்தரவுக்கு மன்னிக்கணும்."

அப்பாவின் விரல் துண்டிக்கும் பொத்தானுக்குப் போனது. அங்கேயே நின்றது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என் கழுத்தில் தொங்கிய காதுக்கருவியைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா," என்றார். "கேள்வியெல்லாம் ஒரு தடவை படிங்க. வயசாச்சு. ஞாபகம் வருதான்னு பாக்குறேன்."

சராசரி படித்தார். வீட்டில் நான்கு பேர். ஆமாம். இரண்டு அறைகள். ஆமாம். வீட்டில் சோப்பு இருக்கிறது. ஆமாம், சின்னது என்றார் அப்பா. ஒரு நாளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு.

"அது உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர்கள்லாம்..."

"ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க சார்."

"ஆமா."

"வாழ்க்கைத் தரம் ரெண்டு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா துணியைப் பார்த்தபடி, மூன்று என்று முணுமுணுத்தாள்.

"பின்னாடி யாரோ மூணுங்கறாங்க சார். மாத்தணுமா?"

"வேண்டாம். ரெண்டே இருக்கட்டும்."

தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். சராசரி தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்தப் படிவத்தை எடுத்ததற்கே ஒரு காரணம் உண்டு என்றார். கூடுதல் குறிப்பில் தர்க்கப்பிழை ஒன்று இருக்கிறது, அது அப்படியே போனால் தன் அறிக்கை கெட்டுவிடும் என்றார். பிறகு நான் எழுதியதை, ஓர் எழுத்து விடாமல், பாடப்புத்தகம் போல வாசித்தார்.

"'தலைவருக்கு வேலை இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது தலைவருக்குத் தெரியாது.' தலைவர் நீங்கதானே சார்? பதில் சொன்னதும் நீங்கதானே? உங்களுக்குத் தெரியாததை நீங்களே எப்படி சொன்னீங்க?"

அண்ணன் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தான். அப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒரே பேருந்தில் வந்து இறங்கியவர்களைச் சாவி கொடுப்பதற்கு முன் எண்ணுவது போல இருந்தது அந்தப் பார்வை. நாங்கள் யாரும் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருக்கலாம். தோன்றவில்லை.

"நான்தாம்மா சொன்னேன்," என்றார் அப்பா. "அவங்களுக்குத் தெரியும்னு எனக்கும் கொஞ்சம் தெரியும்."

"கொஞ்சம்னு எங்ககிட்ட ஒரு பதில் இல்ல சார். தெரியும், தெரியாது, ரெண்டுதான்."

"அப்போ தெரியும்னு போட்டுக்கோங்க."

"சரி. மாத்தினதால ஒரே ஒரு பதிலை மட்டும் உங்க குரல்ல பதிவு பண்ணிக்கணும். ஏழாம் கேள்வி. இப்ப நீங்க என்ன வேலை பாக்குறீங்க? முழு வாக்கியமா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

அப்பா திரையைப் பார்த்தார். அதில் 304 தவிர எல்லாக் கட்டங்களும் நிறைந்திருந்தன. ஒலிபெருக்கியில் சராசரி ஏதோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. சார், இருக்கீங்களா என்றார். இருக்கிறேன் என்றார் அப்பா. பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார், டையோடும் பைஜாமாவோடும். விருந்தினரிடம் அவர் உட்கார்ந்துகொண்டு பேசியதே இல்லை.

"எனக்கு வேலை போயிடுச்சும்மா," என்றார். "நான் இப்ப எந்த வேலையும் பாக்கல."